அவையடக்கமும் கவிதைக் கொள்கையும்

கவிதை இன்னது என்று இலக்கண நூலார் கூறியிருக்கின்றனர். உரையாசிரியர்கள் விரித்துரைத்திருக்கின்றனர். மேனாட்டுத் திறனாய்வாளர் கூறுவனவற்றையும் இப்பொழுது நம் மாணவர் மனப்பாடம் செய்கின்றனர். ஆனால் பாட்டைக் கட்டிய புலவரே தம் கலையைப் பற்றி யாது கருதினார் என்னும் வினா நம் வகுப்பறைகளில் எழுவதில்லை. எப்போதேனும் எழுந்தால், "தமிழ்ப் புலவர் பாடினர், பாட்டைப் பற்றிப் பேசினாரல்லர்" என்ற விடையே வருகிறது. உரோம நாட்டு ஹோரேஸ் கவிதைக் கலையைப் பற்றிச் செய்யுளாலேயே ஒரு நூல் செய்தார். சீனத்து லூ ஜி, கி.பி. மூன்றாம் நூற்றாண்டில், எழுத்துக் கலையைப் பற்றிக் கவிதையொத்த நடையில் எழுதினார். எழுத்தைப் பற்றி எழுதுவது கோடரியைக் கையிற் பிடித்துக்கொண்டு கோடரிக் காம்பு செதுக்குவது போன்றது, மாதிரி கையிலேயே இருக்கிறது என்றார். ஆங்கிலக் கவிஞர் வோர்ட்ஸ்வொர்த் 1800-ஆம் ஆண்டுப் பதிப்பில் தம் பாடற்றொகுதிக்கு நீண்டதொரு முன்னுரை வரைந்தார். இத்தகையன நம்மிடம் இல்லை என்பது பலர் எண்ணம்.

அவ்வெண்ணம் பொருந்தாது. நம் புலவரும் பேசியிருக்கின்றனர். அவர் பேசிய இடத்தை நாம் படியாமல் தாண்டிப் போகிறோம், அவ்வளவே. கடவுள் வாழ்த்துக்கும் நாட்டுப் படலத்துக்கும் இடையில் ஒடுங்கிக் கிடக்கும் அவையடக்கமே அவ்விடம்.

ஆசிரியப் பயிற்சி பெறும் காலத்தில் நம்மில் பலர் அவையடக்கத்தைப் 'பணிவு' என்ற ஒரே சொல்லாற் கற்றோம். நாமும் அப்படியே கற்பிக்கிறோம். புலவர் பெரியவர், ஆயினும் தம்மைத் தாழ்த்திக் கூறினார், மாணவர்களே, நீங்களும் பணிவாக இருங்கள் என்று பாடம் முடிந்துவிடும். பணிவு உண்டு, மறுப்பார் இல்லை. ஆனால் வெறும் பணிவைத் தெரிவிக்க ஒரு வரி போதும். நான்கைந்து செய்யுள், அவற்றில் ஒன்றுக்கொன்று வேறான உவமைகள், அவ்வுவமைகளுக்குள் கவிஞனும் கற்போனும் நிற்கும் நிலை இவையெல்லாம் எதற்கு? தம்மைத் தாழ்த்திக்கொள்ளும் சாக்கில் தம் கலையின் இயல்பைப் புலவர் சொல்லி வைக்கின்றனர் என்பதே என் கருத்து.

இதற்கு இலக்கணத்திலேயே இடம் இருக்கிறது. தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளின் உறுப்புகள் 34 என எண்ணுகிறது. அவ்வியலிலேயே அவையடக்கியல் என்பதற்கும் ஒரு நூற்பா உண்டு. வன்மையில்லாத சொற்களை நான் சொன்னாலும் நீங்கள் வகைப்படுத்திக் கொள்ளுங்கள் என்று எல்லா மாந்தரையும் நோக்கி வழிபட்டுக் கூறுதல் அது என்பது அந்நூற்பாவின் கருத்து. இதில் இரண்டு குறிப்புகளை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். ஒன்று, மன்னிப்பு மட்டும் கேட்கப்படவில்லை; கேட்போனுக்கு ஒரு வேலை கொடுக்கப்படுகிறது. வகுத்துக்கொள்ளுதல் அவன் தொழில். மற்றொன்று, அவ்வேண்டுகோள் கற்றோர்க்கு மட்டும் உரியதன்று, எல்லார்க்கும் உரியது.

நன்னூலார் இன்னொரு வேலியையும் இட்டார். சிறப்புப் பாயிரத்தை நூல் செய்தவன் தானே பாடலாகாது. அவன் ஆசிரியனோ, உடன் கற்றவனோ, மாணாக்கனோ, உரைகாரனோ பாடுதல் வேண்டும் என்றார். தன்னைத் தான் புகழ்தல் தகாது என்பது காரணம். தொல்காப்பியத்துக்குப் பாயிரம் பாடியவர் உடன் கற்ற பனம்பாரனார் என்பதும் நாம் அறிந்ததே. ஆகவே நூலின் முகப்பில் புலவர் தம் சொந்தக் குரலில் தம் கலையைப் பற்றிப் பேச எஞ்சி நின்ற இடம் அவையடக்கம். தம்மைப் புகழக்கூடாது, எனவே இகழ்ந்துகொண்டே பேசினர்.

சீவக சிந்தாமணியில் திருத்தக்கதேவர் பேசுவதைப் பாருங்கள். கல்லிலிருந்து வெளிப்பட்ட மணியும் கழுவாமல் விட்டால் ஒளி கெடும். அதுபோல என் சொல்லிற் பட்ட மறுவைப் புலமை மிக்கவர்களே, உங்கள் மதியாற் கழுவி அழகிய பாட்டாக்கிக் கொள்ளுங்கள் என்கிறார். அடுத்து, பவளமும் சங்கும் முத்தும் பிறந்த கடல் நீர் உப்புக் கரிக்கிறது என்பதற்காக அவற்றை யார் எறிந்துவிடுவார் என்று கேட்கிறார். முதலுவமையிற் சொல் மணியாகிறது. இரண்டாவதிற் சொல் உவர்நீராகவும் அதனுட் கிடக்கும் பொருள் முத்தாகவும் மாறிவிடுகின்றன. சொல்லையும் பொருளையும் பிரித்து நிறுத்தி, பொருள் வீடுபேற்றைத் தருவதாயிற்றே, சொற்குற்றம் பாராதீர் என்று வாதாடுகிறார். சமண முனிவர் காமச் சுவை மிக்க காப்பியம் செய்யப் புகுந்தவர். அவர்க்கு இவ்வாதம் தேவையாக இருந்தது. அதைவிட முதலுவமையே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. மணியைத் தோண்டி எடுப்பது புலவர் வேலை. கழுவுவது படிப்பவர் வேலை. கழுவிய பிறகே பாட்டு முழுமை எய்துகிறது. படிப்போன் பங்கின்றிப் படைப்பு நிறைவதில்லை என்று இக்காலத் திறனாய்வாளர் கூறும்போது அதை மேனாட்டுப் புதுமை என்று எண்ணுகிறோம். தொல்காப்பியரின் வகுத்தலும் தேவரின் கழுவுதலும் அதனோடு முற்றும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. எல்லாம் எம்மிடம் முன்னரே உண்டு என்று மார்தட்டுதல் ஆராய்ச்சி ஆகாது. ஆனால் வினா ஒன்றே.

கம்பர் கீறிய கோடு

அவையடக்கத்தை ஒரு கலைக் கொள்கையாக உயர்த்தியவர் கம்பர். அவர் உவமைகள் எல்லார்க்கும் தெரிந்தவை. தெரிந்தவை என்பதாலேயே நாம் அவற்றை எண்ணிப் பார்ப்பதில்லை.

பாற்கடலை முழுதும் நக்கிக் குடித்துவிட ஒரு பூனை புகுந்தது போல, இராமன் கதையைச் சொல்ல நான் ஆசைப்பட்டேன் என்கிறார். கடல் பெரிது, பூனை சிறிது என்ற அளவில் நின்றுவிடுகிறோம். எறும்பு என்று கூறியிருந்தால் இன்னும் சிறிதாக இருந்திருக்குமே! பூனை என்றதற்குக் காரணம் அது பாலில் வெறி கொண்டது. அது நாவால் நக்குவது, மொண்டு குடிப்பதன்று. கவிஞன் கதையை உண்டாக்குகிறவன் அல்லன். முன்பே நிறைந்து கிடக்கும் கதையைத் துளித்துளியாகச் சுவைக்கிறவன். வடமொழியில் இக்கதையைச் செய்த மூவருள் முந்தியவர் வாக்கின்படி நான் தமிழ்ப் பாவாற் செய்தேன் என்று அவர் கூறுவதும் இதனோடு இயைகிறது. புலமையினின்று அன்று, ஆசையினின்று காப்பியம் பிறந்தது என்பது அவர் வாக்குமூலம்.

சேக்கிழாரும் இதனையே கூறுகிறார். பெருங்கடலைக் குடித்துவிட வேட்கை கொண்ட நாய் போன்றவன் நான். அடியார் பெருமைக்கு அளவில்லை. ஆயினும் அளவில்லாத ஆசை பிடித்துத் தள்ளுவதாற் கூறுகிறேன் என்பது பெரியபுராணத்து அவையடக்கம். ஒருவர்க்குப் பூனை, ஒருவர்க்கு நாய். ஒருவர்க்குச் சுவை, ஒருவர்க்குத் தாகம். இவ்வேறுபாட்டை மிகுத்துரைத்தல் வேண்டா. இருவரும் ஆசையையே காரணமாகக் காட்டினர் என்பது போதும்.

கம்பரின் அடுத்த உவமைக்கு வருவோம். பிள்ளைகள் தரையிற் கோடு கீறி, இஃது அறை, இஃது ஆடரங்கு என்று விளையாடினால் தச்சர் சினம் கொள்வரோ? அதுபோல அறிவில்லாத என் புன்கவியைக் கண்டு நூல்முறை உணர்ந்தோர் சினம் கொள்ளார் என்கிறார். இங்கே ஒரு வியப்பு இருக்கிறது. கவிஞனைத் தச்சனென்று சொல்வதே உலக வழக்கம். சொல்லைச் செதுக்குகிறான், அடியை அளக்கிறான் என்போம். கம்பர் அந்த இடத்தை இலக்கணம் அறிந்தோர்க்குக் கொடுத்துவிடுகிறார். முழக்கோல் அவர்கள் கையில் இருக்கட்டும். எனக்குத் தரையும் ஒரு குச்சியும் போதும் என்கிறார். குழந்தை கீறிய வீட்டில் யாரும் குடியிருக்க முடியாது. ஆனால் அங்கே சோறு பொங்குகிறது, மணம் நடக்கிறது, பிள்ளை தூங்குகிறது. அந்தக் கோட்டைத் தெரியாமல் ஒருவர் மிதித்துவிட்டால் சண்டை வந்துவிடுகிறது. கோடு பொய், கோட்டின் கட்டுப்பாடு மெய். கவிதையின் உலகம் எத்தகையது என்பதை இதனினும் எளிதாகச் சொல்லிய இடம் எனக்குத் தெரிந்தவரை வேறில்லை.

கம்பர் இவ்வளவையும் எண்ணியே பாடினார் என்று நான் சாதிக்க வரவில்லை. உவமை பெரும்புலவர் கையிற் பிறந்தால் அவர் எண்ணியதற்கு மேலும் சுமக்கும். எங்கள் தோட்டப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு மாணவர்க்கு இச்செய்யுளின் கருத்தை மட்டும் சொல்லி, தச்சர் ஏன் கோபிக்கவில்லை என்று ஒருமுறை கேட்டேன். சின்னப் பிள்ளைகள்தானே என்று பலர் கூறினர். ஒரு சிறுமி மட்டும், "அவரும் முதலில் தரையில் கோடு போட்டுத்தானே ஐயா வீடு கட்டுவார்" என்றாள். உரைகளில் நான் காணாத விளக்கம் அது.

மூன்றாவதாக, பித்தரும் பேதையரும் பத்தரும் சொன்னவற்றை யாரும் ஆராய்ந்து குற்றம் காண்பதில்லை என்கிறார். ஷேக்ஸ்பியரின் நாடகம் ஒன்றில் தீசியஸ் என்னும் அரசன், பித்தன், காதலன், கவிஞன் மூவரும் கற்பனையால் ஆனவர் என்று கூறுவதை இதனோடு வைத்து எண்ணலாம். அந்த அரசன் ஏளனமாகக் கூறுகிறான். கம்பர் அதையே கேடயமாகப் பிடிக்கிறார். கவிதை மொழியை வழக்காடு மன்றத்து மொழியாக எண்ணி உசாவாதீர் என்பது கருத்து.

நான்காவது உவமை சற்றுக் கடுமையானது. துறையமைந்த விருத்தப் பாக்களிலே ஊறிய செவிகளுக்கு என் பாட்டு, யாழிசையில் மயங்கிய அசுணமா என்னும் விலங்கின் செவியிற் பறையொலி விழுந்தது போலாகும் என்கிறார். யாழில் மகிழும் அசுணம் பறையைக் கேட்டால் உயிர் விடும் என்பது பழைய நம்பிக்கை. பணிவுரைதான். ஆயினும் அதற்குள் கூர்மையான ஓர் உண்மை இருக்கிறது. செவிக்கு ஒரு பழக்கம் உண்டு. முன்பு கேட்டவற்றைக் கொண்டே அது புதியதை அளக்கும். புதிய பாட்டு வந்து விழும்போது பழகிய செவி நோகும். புதுமை செய்கின்ற ஒவ்வொரு கவிஞனும் எதிர்கொள்ளும் இடர் இது. கம்பர் அதை முன்கூட்டியே சொல்லிவிட்டுத் தம் பறையை முழக்கினார்.

இவ்வழக்கம் சமயம் கடந்தும் நிலைத்தது. சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவர், பெரியோர் தமிழ் முன்னே நான் பாடுவது பேரிடிக்கு எதிரே விரலை நொடிப்பது போன்றது என்றார். நம் அண்டை வீட்டாராகிய மலாய்ப் புலவரும் 'சாயிர்' என்னும் தம் நெடும்பாடல்களில் தம்மை ஏழைப் பக்கீர் என்றும் நாடோடி என்றும் தாழ்த்திக் கூறி, பிழை பொறுக்குமாறு வேண்டுவது மரபு. இவ்விரு மரபையும் அருகருகே வைத்து ஆராய்வதற்கு இந்நாட்டுத் தமிழாசிரியரைப் போல வாய்ப்புடையவர் வேறு யார்? தேசிய மொழியும் தமிழும் ஒருங்கே அறிந்த இளைஞர் எவரேனும் இதனை மேற்கொள்ள வேண்டும்.

அவையடக்கம் வேண்டாத கவிஞரும் இருந்தனர். நம்மாழ்வார் திருவாய்மொழியில் ஒரு பதிகம் முழுவதும், இறைவன் என்னைக் கருவியாகக் கொண்டு தன்னைத் தானே பாடிக்கொண்டான் என்று வியக்கிறார். பாடியவன் தானல்லன் என்னும்போது பிழை பொறுக்க வேண்டுவது எங்ஙனம்? அவரே பிறிதோரிடத்தில், என் இன்கவியை மனிதர் ஒருவர்க்கும் கொடேன் என்று உறுதியும் கூறுகிறார். கருவிக்கு இத்துணை மானம் இருப்பது வியப்பே.

பாரதியாரின் முகவுரை

இருபதாம் நூற்றாண்டில் இவ்விடம் மாறுகிறது. 1912-ஆம் ஆண்டில் பாஞ்சாலி சபதத்தின் முதற் பாகத்தை வெளியிட்ட பாரதியார் உரைநடையில் முகவுரை எழுதினார். எளிய சொல், எளிய நடை, எளிதிற் பிடிபடும் சந்தம், பொதுமக்கள் விரும்பும் மெட்டு ஆகியவற்றைக் கொண்டு காப்பியம் செய்பவன் தாய்மொழிக்குப் புதிய உயிர் கொடுக்கிறான் என்பது அதன் கருத்து. அத்துடன் நில்லாமல் ஓர் அளவும் கூறினார். ஓரிரண்டு ஆண்டு நூற்பழக்கம் உடையவர்க்கும் பொருள் விளங்க வேண்டும்; அதே வேளையிற் காவியத்துக்குரிய நயமும் குறைதல் கூடாது என்றார்.

எளிமையைப் போற்றிய இக்கருத்துக்கு ஆங்கிலக் கவிஞர் தொடர்பு உண்டா என்று கேட்பவர் உளர். பாரதியார் ஷெல்லியிடம் ஈடுபட்டு 'ஷெல்லிதாசன்' என்று புனைபெயர் பூண்டவர். ஆங்கிலக் கவிதையிற் பழகியவர். மக்கள் பேசும் மொழியே கவிதைக்கு உரியது என்பது வோர்ட்ஸ்வொர்த் முன்னுரையின் கொள்கை என்பதும் உண்மை. ஆனால் செய்யுளியல் கூறும் எட்டு வனப்புகளுள் 'புலன்' என்பது யாது? சேரிமொழியாற் செவ்வையாகக் கூறி, ஆராய்ந்து பார்க்க வேண்டாமலே கருதிய பொருள் தோன்றச் செய்வது அது. 'விருந்து' என்பது யாது? புதியதாகப் புனைந்த யாப்பின்மேல் வருவது. நொண்டிச்சிந்தைக் காப்பியத்துக்குள் அமர்த்திய பாரதியார் புலனையும் விருந்தையும் ஒருங்கே செய்தார். அவர் செய்யுளியலைக் கருத்திற்கொண்டு எழுதினாரா என்பதன்று என் வினா. கதவு முன்பே நம் வீட்டில் இருந்தது, அவர் திறந்தார்.

ஓரிரண்டு ஆண்டு நூற்பழக்கம் என்றால் நம் பள்ளிக் கணக்கில் இரண்டாம் ஆண்டு முடித்த பிள்ளை! பாஞ்சாலி சபதம் அந்த அளவுக்கு எளிதா என்று ஆசிரியர் என்ற முறையிற் கேட்டால், அன்று என்றே சொல்லுவேன். வீமனின் சினத்தை எங்கள் ஆறாம் ஆண்டு மாணவர் உடனே பற்றிக்கொள்கின்றனர். வருணனைப் பகுதிகளில் இடறுகின்றனர். இது குறையன்று. முகவுரையில் வகுத்த எளிமையும், காவிய நயம் குறையாமை என்ற நிபந்தனையும் ஒன்றையொன்று இழுக்கும் கயிறுகள். அந்த இழுபறி அந்நூலின் ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிறது. அதுவே அதன் உயிர் என்பது என் துணிபு. கொள்கையைச் சொல்லாமல் விட்டிருந்தால் இந்த இழுபறியை நாம் கண்டிருக்க மாட்டோம்.

நான்காண்டு கழித்து, 1916-இல், சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதையைப் பற்றி எழுதியபோது பாரதியார் சொற்சுருக்கத்தை வியந்து பாராட்டினார். காப்பியம் எழுதிய கை பதினேழு அசைப் பாட்டையும் வியந்தது. தம் கொள்கையை அவர் பூட்டி வைக்கவில்லை.

அவையடக்கத்தையும் இம்முகவுரையையும் ஒப்பிட்டால் ஒரு பெரிய மாற்றம் புலனாகும். கம்பரும் தேவரும் தம்மினும் கற்றோரை நிமிர்ந்து பார்த்துப் பொறுக்கும்படி வேண்டினர். பாரதியார் புதிதாகப் படிக்கத் தொடங்கியவனைக் குனிந்து பார்த்து, உனக்கு விளங்கும்படி செய்வேன் என்று வாக்களித்தார். வேண்டுகோள் போய் வாக்குறுதி வந்தது. தமிழ்க் கவிதை மக்களிடம் வந்த வரலாறு இதில் அடங்கும். இதனால் ஓர் இழப்பும் நேர்ந்தது. மணியைக் கழுவும் வேலை படிப்போனிடமிருந்து கைநழுவிற்று. விளங்கவில்லையென்றால் குற்றம் கவிஞனுடையது என்று நாம் எளிதாகச் சொல்லப் பழகிவிட்டோம்.

பாரதிதாசன் இவ்வாக்குறுதியை இன்னும் ஒரு படி உயர்த்தினார். பாட்டெழுத ஏட்டை எடுத்த கவிஞனிடம் வானமும் ஓடையும் தாமரையும் பெண்களின் அன்பும் ஒவ்வொன்றாக வந்து என்னை எழுது, என்னை எழுது என்று கேட்கின்றன. முடிவில் துன்பத்தில் உறங்கும் தமிழ் மக்களின் காட்சி வந்து அவன் உயிரிற் கலந்துவிடுகிறது. கவிதை எதைப் பாட வேண்டும் என்பதற்குக் கவிதையாலேயே சொன்ன விடை இது. ஆயினும் நீங்காத ஓர் அழகு அதில் உண்டு. வேண்டாம் என்று விலக்கிய வானமும் தாமரையும் அப்பாட்டிலேயே இடம் பெற்றுவிட்டன.

நம் நாட்டில்

மலாயாவுக்கு வருவோம். யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையைச் சேர்ந்த சதாசிவ பண்டிதர் 1887-இல் சிங்கப்பூரில் வெளியிட்ட 'சிங்கை நகர் அந்தாதி'யும் 'சித்திரகவி'களும் இவ்வட்டாரத்துத் தமிழ்க் கவிதையின் தொடக்கத்தில் நிற்கின்றன. தமிழ்ப்பள்ளி ஆசிரியராக விளங்கிய பாவலர் முரசு நெடுமாறன் தொகுத்து, கிள்ளானிலிருந்து 1997-இல் வெளிவந்த 'மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்' அந்த 1887 முதல் 1987 வரையிலான நூறாண்டுப் பாடல்களை ஒருங்கே தருகிறது. தனி ஒருவர் முயற்சியில் இத்தகைய தொகுப்பு அமைந்தது நம் பேறு. கவிஞர்கள் என்ன பாடினர் என்று அறிய அதற்கு ஈடில்லை. ஆனால் எப்படிப் பாட வேண்டும் என்று கவிஞர்கள் கருதினர், எதற்காக இந்த யாப்பைக் கொண்டனர் என்று அறிய விரும்பினால், நாம் தனித்தனிக் கவிதை நூல்களின் முன்பக்கங்களைப் புரட்ட வேண்டும். அங்கேதான் ஏமாற்றம் காத்திருக்கிறது.

பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் நடைபெறும் நூல் வெளியீடுகளுக்குப் போய்வரும் அன்பர் எவரும் இதனை அறிவர். நூலின் முதற் பத்துப் பதினைந்து பக்கங்கள் வாழ்த்துரை, அணிந்துரை, ஆசியுரை, பாராட்டுரை என்று நிறைந்திருக்கும். எழுதியவர் பெரும்பாலும் பதவியிலுள்ளவர், இயக்கத் தலைவர், நன்கொடையாளர். அவர்கள் உதவியின்றி நூல் அச்சேறாது என்பது எனக்குத் தெரியும். நன்றி கூறுதல் கடமை. எனினும் நன்னூலார் யார் யாரைச் சொன்னார் என்று எண்ணிப் பாருங்கள். ஆசிரியன், உடன் கற்றோன், மாணாக்கன், உரைகாரன்: நால்வரும் நூலைப் படித்தவர்கள்! கவிஞரின் 'என்னுரை' ஒன்று கடைசியில் வரும். அதில் நன்றிப் பட்டியல் இருக்கும்; தமிழ் வாழ்க என்று முடியும். கவிதையைப் பற்றி ஒரு சொல் இராது.

கவியரங்கங்களிலும் இக்கதைதான். தமிழ் வணக்கம், அவை வணக்கம், தலைவர் வாழ்த்து என்று அவையடக்கத்தின் உருவம் அப்படியே இருக்கிறது. உள்ளீடு போய்விட்டது. அரங்கத் தலைவரைச் சிங்கம் என்றும் இமயம் என்றும் பாடுவதற்கு அந்த இடம் பயன்படுகிறது. புலவன் தன்னைப் பூனை என்று சொல்லிக்கொண்ட இடத்தில் தலைவரைச் சிங்கமாக்குவது பூனையினத்துக்கு ஒரு முன்னேற்றம் போலும்!

கவிஞர் தம் கொள்கையைச் சொல்லாமல் விட்டதனால் விளைந்த கேட்டுக்கு ஒரு சான்று மரபுக்கவிதை, புதுக்கவிதைப் பூசல். தமிழகத்தில் ந. பிச்சமூர்த்தியின் முதற் புதுக்கவிதை 1934-இல் மணிக்கொடியில் வந்தது. சி. சு. செல்லப்பா 1959-இல் 'எழுத்து' இதழைத் தொடங்கியபின் அவ்வகை இயக்கமாயிற்று. 1962-இல் 'புதுக்குரல்கள்' தொகுப்பு வெளிவந்தது. அங்கே பாட்டோடு பாட்டைப் பற்றிய வாதமும் வளர்ந்தது. விட்மனின் நூலும் பாரதியாரின் வசன கவிதையும் தம்மை இவ்வழியில் தூண்டின என்று பிச்சமூர்த்தியே எழுதினார். உடன்படலாம், மறுக்கலாம், பேசுவதற்கு ஒரு பொருள் இருந்தது. நம் நாட்டில் சி. கமலநாதன் 1964-இல் எழுதிய 'கள்ளப் பார்ட்டுகள்' முதற் புதுக்கவிதை என்று ஆய்வாளர் கொள்வர். இங்கே எழுந்த பூசல் பெரும்பாலும் இது கவிதையா, அன்றா என்ற வழக்காகவே நடந்தது. ஒரு சாரார் தளை தட்டுகிறது என்றனர். மறு சாரார் தளையே விலங்கு என்றனர். ஒருவர் முழக்கோலை நீட்டினார். மற்றவர் அதை முறித்தார். தரையிற் கீறிய கோட்டுக்குள் என்ன விளையாட்டு நடக்கிறது என்று இருவரும் குனிந்து பார்க்கவில்லை.

அத்தலைப்பையே நோக்குக. கள்ளபார்ட்டு என்பது பழைய நாடக மேடைச் சொல். திருடன் வேடத்தைக் குறிப்பது. தோட்டத்து மக்கள் திருவிழா நாடகங்களில் அறிந்த சொல். செய்யுளியலார் சொன்ன சேரிமொழி அன்றோ இது? வனப்புகளைத் தொடர்நிலைச் செய்யுளுக்கே உரியன என்று உரையாசிரியர் கொள்வர். ஆகவே தனிப்பாட்டுக்கு நீட்டலாகாது என்றும், விருந்து என்பது புதிய யாப்பேயன்றி யாப்பின்மை அன்று என்றும் மரபு வல்லார் என்னை மறுக்கலாம். மறுப்பதற்கு இடமுண்டு. அந்த மறுப்பும் விடையும் அறுபது ஆண்டுகளுக்கு முன்பே நம் ஏடுகளில் நடந்திருக்க வேண்டும் என்பதுதான் என் ஆற்றாமை. நானே மரபுப் பாட்டில் வளர்ந்தவன். எண்சீர் விருத்தம் கேட்டால் இன்றும் உள்ளம் துள்ளும். என் செவியும் அசுணத்தின் செவியே. அதனால் பறைமீது வழக்குத் தொடுக்கமாட்டேன்.

இதில் ஆசிரியர் பங்கும் உண்டு. தொடக்கப்பள்ளிப் பாடத்திட்டத்தில் செய்யுளும் மொழியணியும் ஒரு பகுதி. செய்யுளை ஒப்பித்தல், பொருள் எழுதுதல், சூழலுக்குப் பொருத்துதல் என்று அது நடைபெறுகிறது. யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்பட்டது. ஆயினும் நம் கற்பிக்கும் முறை அத்தேர்வை விட்டு இன்னும் நீங்கவில்லை. ஔவையார் பாடியதாக வழங்கும் தனிப்பாடல் ஒன்று ஓவியத்தைக் கைப்பழக்கம் என்றும் தமிழை நாப்பழக்கம் என்றும் கூறி, நட்பும் கொடையும் அருளும் பிறவிக் குணங்கள் என்று பிரிக்கிறது. இதைப் பொன்மொழியாக ஒப்பிக்க வைக்கிறோம். கவிஞன் பிறக்கிறானா, பழக்கத்தால் உருவாகிறானா என்று ஒரு புலவர் தீர்ப்புச் சொன்ன இடம் இது என்று காட்டினால், பத்து வயதுப் பிள்ளையும் வாதாட வருவான். கம்பரின் நான்கு உவமைகளை நான்கு படங்களாக வரையச் சொல்லலாம். வாரத்தில் அரைமணி போதும்.

கவிஞர்களிடம் கேட்பது இன்னும் சிறிது. அடுத்து வரும் தொகுப்பில் வாழ்த்துரைகளுள் ஒன்றைக் குறைத்து, அந்த இரண்டு பக்கத்தைத் தாமே எழுதட்டும்: இந்த யாப்பை, அல்லது யாப்பின்மையை, ஏன் கொண்டேன், யார் செவியை எண்ணி எழுதினேன், எந்தப் பாட்டில் நான் நினைத்தது கைகூடவில்லை. நூலுக்கு விலை கொடுத்து வாங்குகிறவர்களுள் பாதிப்பேர் ஆசிரியர்களே. நாங்கள் முதலில் அந்தப் பக்கங்களைத்தான் படிப்போம்.